பழைய மோட்டார் வண்டி வாங்குவோர் கவனத்திற்கு

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அவர்கள் இன்றிருந்தால் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்: பழைய மோட்டார் வண்டி ஒன்றை வாங்கிப் பார்! வீடு கட்டுவோனுக்குக் கொத்தனார் துணை நிற்பார்; கலியாணம் செய்வோனுக்கு உற்றார் உறவினர் துணை நிற்பர். பழைய வண்டி வாங்கப் போகின்றவனுக்கோ, விற்பவரும் தரகரும் ஒருபுறம் நிற்க, மறுபுறத்தில் அவனுடைய ஆசையைத் தவிர வேறு துணையில்லை. அந்த ஆசையும் பெரும்பாலும் விற்பவருடைய கட்சியிலேயே சேர்ந்துகொள்ளும்.

மோட்டார் வண்டி ஒரு காலத்தில் செல்வரின் அடையாளமாயிருந்தது. இன்று அப்படியன்று. முதிய தாயை மாதந்தோறும் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டிய குடும்பம், இரண்டு பிள்ளைகளை இரண்டு பாடசாலைகளில் விட்டுவிட்டு வேலைக்கு விரையும் கணவனும் மனைவியும், மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிளில் நால்வராக நனைந்து செல்லும் சிறு குடும்பம் ஆகிய இவர்களுக்கெல்லாம் வண்டி ஒரு தேவையாகிவிட்டது. இவர்கள் கையிலிருப்பதோ பல ஆண்டுகள் மிச்சம் பிடித்த பணம். அல்லது சேமலாப நிதி. அல்லது விற்ற காணியின் விலை. அப்பணம் ஒருமுறை தவறான வண்டியில் போய்விட்டால் மீண்டும் சேர்வதற்கு ஆயுள் போதாது. ஆதலால் இவ்வாரம் இப்பொருளைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்வோம்.

விலை ஏன் இவ்வளவு?

முதலில் நம் நாட்டுச் சந்தையின் போக்கை அறிதல் நன்று. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் அமெரிக்க டொலரின் பெறுமதி, சுமார் 200 ரூபாவாக இருந்தது, சில வாரங்களுக்குள் 360 ரூபா வரையில் ஏறிற்று. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்கள் மீண்டும் துறைமுகத்தில் வந்திறங்க வழி பிறந்தது. அப்போதும் வரிச்சுமை மிகக் கனமாகவே இருந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலத்தில், நாட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகளே கைமாறின. வாங்கிய விலையிலும் கூடுதலான விலைக்குத் தேய்ந்த வண்டியை விற்ற அதிசயமும் நடந்தது.

இந்த அதிசயத்தைக் கண்ட சிலர், "வண்டி வாங்கினால் காணி வாங்கியதற்குச் சமம், விலை ஏறிக்கொண்டே போகும்" என்று எண்ணத் தலைப்பட்டனர். இவ்வெண்ணம் ஆபத்தானது. காணி கிடந்தால் தேய்வதில்லை. வண்டி ஓடினாலும் தேயும், நின்றாலும் தேயும். அதன் விலை ஏறியது வண்டியின் பெருமையால் அன்று. நாட்டின் நெருக்கடியால் என்க. பயன் கருதி வண்டி வாங்குங்கள். இலாபம் கருதி வாங்காதீர்கள்.

வீட்டிலேயே ஒரு கூட்டம்

வண்டி பார்க்கப் புறப்படுவதற்கு முன், வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒன்றாக அமர்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் ஏறுவர்? மாதத்தில் எத்தனை கிலோமீற்றர் ஓடும்? எத்தகைய வீதியில் ஓடும்? இக்கூட்டத்தில் வீட்டுப் பெண்களின் குரலுக்கு இடமிருத்தல் அவசியம். முழங்கால் நோவுள்ள பாட்டியார் எவ்வளவு உயரமான ஆசனத்தில் ஏறமுடியும் என்பதை அவரை நாள்தோறும் எழுப்பி உட்காரவைக்கும் மருமகள் அறிவார், தரகர் அறியார்.

தினமும் நகரத்து நெரிசலில் பத்துக் கிலோமீற்றர் போய்வரும் இருவருக்குப் பெரிய வண்டி வீண் சுமை. யப்பான் நாட்டில் "கெய்" என வழங்கும் சிறுவகை வண்டிகள் இவர்களுக்குப் போதும். அந்நாட்டுச் சட்டப்படி இவற்றின் இயந்திரம் 660 கன சென்ரிமீற்றருக்கும், நீளம் 3.4 மீற்றருக்கும், அகலம் 1.48 மீற்றருக்கும் மேற்படலாகாது. குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பவும், இரண்டு மதில்களுக்கிடையே நிறுத்தவும் இவை மிக வசதியானவை. ஆனால் மாதம் இருமுறை ஐந்து பேரும் பொதிகளுமாகக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ, ஹற்றன் மலைப்பாதையிலோ செல்லும் குடும்பத்துக்கு அச்சிறு வண்டி பொருந்தாது. எருமை செய்யவேண்டிய வேலையை ஆட்டுக்குட்டியின் தலையில் வைத்தல் ஆகாது.

எரிபொருட் கணக்கொன்றை மாணவர்கள் கவனிப்பார்களாக. மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடும் வண்டி, லீற்றருக்குப் 10 கிலோமீற்றர் ஓடுமாயின் 100 லீற்றர் குடிக்கும். 15 கிலோமீற்றர் ஓடுவது ஏறக்குறைய 67 லீற்றர் குடிக்கும். 20 ஓடுவதற்கு 50 லீற்றர் போதும். பத்திலிருந்து பதினைந்துக்கு ஏறினால் மிச்சம் 33 லீற்றர். பதினைந்திலிருந்து இருபதுக்கு ஏறினாலோ மிச்சம் 17 லீற்றரே! ஆகையால் மிகக் கூடுதலாகக் குடிக்கும் வண்டியைத் தவிர்ப்பதிலேதான் உண்மையான இலாபம் உண்டு. ஏற்கெனவே குறைவாகக் குடிக்கும் வண்டியைவிட இன்னும் குறைவாகக் குடிக்கும் வண்டிக்காகப் பல இலட்சம் கூடக் கொடுத்தல் எல்லோருக்கும் கட்டாது. கொடுக்கும் மேலதிகப் பணத்தை மாத மிச்சத்தால் வகுத்துப் பார்த்தால், எத்தனை ஆண்டில் அது திரும்பும் என்பது விளங்கிவிடும். 2022 இல் எரிபொருள் நிலையங்களின் முன் இரவு பகலாக வரிசையில் நின்றவர்களுக்கு இக்கணக்கை நாம் வற்புறுத்த வேண்டியதில்லை.

உறவினர் மிகுந்த வண்டி

பெண் பார்க்கப் போகும்போது குடும்பத்தைப் பார் என்பார்கள். வண்டி பார்க்கும்போதும் அதன் உறவினரைப் பார்க்க வேண்டும். வீதியில் எந்த வகை வண்டி மிகுதியாக ஓடுகிறதோ, அதன் உதிரிப் பாகங்கள் இலகுவில் கிடைக்கும்; அதைத் திருத்தத் தெரிந்தவரும் ஊர்தோறும் இருப்பர். டொயோட்டா கொரோலா, நிசான் சனி, சுசுகி ஓல்ரோ, வகன் ஆர் முதலியன நம் நாட்டில் மதிப்புப் பெற்றது அழகால் அன்று; கொழும்பு பஞ்சிகாவத்தையிலே அவற்றின் பாகங்கள் புதிதாகவோ பழையனவாகவோ கிடைக்கும் என்ற நம்பிக்கையாலேயே. அரிதான வண்டி மலிவாகக் கிடைக்கும்போது, அது ஏன் மலிந்தது என்று ஒருகணம் நின்று யோசியுங்கள்.

இவ்வுண்மைக்கு நம் சரித்திரமே சான்று. 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் வண்டி பிரித்தானியாவில் 1971 உடன் நின்றுபோயிற்று. எனினும் இலங்கையில் அது பல்லாண்டுகள் நின்று நிலைத்தது. அதன் அமைப்பு எளியது, சாதாரண பட்டறையிலேயே கழற்றிப் பூட்டத்தக்கது. அவ்வாறே, 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அருமருந்தாய்ப் போனபோது, ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய வண்டிகளே கைகொடுத்தன. சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனவை அவையே. வெளிநாட்டில் எந்த வண்டி சிறந்தது என்பதைவிட, நம் ஊர்ப் பட்டறைக்காரர் எந்த வண்டியைத் திறந்து பார்த்துத் திருத்துவார் என்பதே பெரிய கேள்வி என்பதை இதனால் அறியலாம்.

கலப்பின வண்டி எனப்படும் ஹைபிரிட் வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1997 இன் இறுதியில் டொயோட்டா பிரியஸ் யப்பானில் வெளிவந்தது முதல் இவ்வகை பெருகியது. பெற்றோலை மிச்சப்படுத்துவது மெய்யே. ஆனால் அதன் பெரிய மின்கலத்தொகுதிக்கும் ஆயுள் எல்லை உண்டு. மாற்றும் செலவும் பெரிது. சிலர் பழுதான கலங்களை மாத்திரம் கழற்றிவிட்டு, வேறு பழைய கலங்களைச் சேர்த்து விற்பனைக்கு வைப்பர். புதுத் துணியில் பழைய ஒட்டுப் போட்டதுபோல் அது நெடுநாள் நில்லாது. கணினிக் கருவி கொண்டு கலங்களைத் தனித்தனியே சோதித்து அறிக்கை பெறாமல் இவ்வகை வண்டிக்கு விலை பேசாதீர்கள். அன்றியும், பல வண்டிகளில் இக்கலத்தொகுதிக்குக் காற்றுச் செல்லும் துவாரம் பின் ஆசனத்தின் அருகே இருக்கும். அது தூசியால் அடைபட்டிருந்தால், முன்னைய உடைமையாளர் எவ்வளவு கவனமாக வண்டியைப் பேணினார் என்பது புலனாகும்.

கண்ணும் காதும் மூக்கும்

இனி வண்டியைப் பார்க்கும் முறை. பகலிலே பாருங்கள்; மழை ஓய்ந்த ஈரத்திலோ, மாலை மங்கலிலோ பார்க்க வேண்டாம். நனைந்த வண்டி எல்லாம் பளபளக்கும். நம்பிக்கைக்குரிய மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். அவர் விற்பவரின் நண்பராயிருத்தல் ஆகாது. சில ஆயிரம் ரூபாவைக் கூலியாகக் கொடுக்க மனம் கூசுவோர், பின்னர் சில இலட்சத்தைத் தண்டமாகக் கொடுக்க நேரிடும்.

பக்கவாட்டில் குனிந்து நின்று தகடுகளின் ஓரமாகக் கண்ணை ஓடவிட்டால், அடிபட்டுத் திருத்திய இடம் அலையலையாகத் தெரியும். துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்றை இரும்புத் தகட்டில் வைத்துப் பாருங்கள். அது ஒட்டாத இடத்தில் உள்ளே பூச்சு மெழுகியிருக்கிறது. முன்மூடியையும் மட்காட்டையும் பிணைத்திருக்கும் ஆணிகளின் தலையில் வர்ணம் உரிந்திருந்தால், அவை ஒருமுறையேனும் கழற்றப்பட்டன என அறிக. கடலோர ஊர்களில் நின்ற வண்டியாயின், அடிப்பாகத்திலும் கதவின் கீழ்விளிம்பிலும் கறள் பிடித்திருக்கிறதா என்று படுத்துக் கிடந்தேனும் பார்க்க வேண்டும்.

வெள்ளத்தில் அமிழ்ந்த வண்டிகளைக் குறித்து மிக்க எச்சரிக்கை வேண்டும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு பெருவெள்ளம் வந்தபோதும் எத்தனையோ வண்டிகள் நீருக்குள் நின்றன. அவற்றுட் சில கழுவித் துடைத்து விற்பனைக்கு வராமற் போகா. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆசனப் பட்டியை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறை நிற்கும். விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஆசனம் நகரும் இரும்புத் தண்டவாளத்திலும், மேலதிகச் சில்லு கிடக்கும் குழியிலும் கறளோ மண்ணோ உண்டா என நோக்குங்கள். வாசனைத் திரவியம் அளவுக்கு மிஞ்சி மணக்கும் வண்டியில் எதையோ மறைக்கிறார்கள் என்று ஐயுறுதல் தவறாகாது.

ஓடிய தூரத்தைக் காட்டும் மானியை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம்; அதைக் குறைத்து வைக்கும் வித்தை வெகு சாதாரணமாகிவிட்டது. மானி நாற்பதாயிரம் என்று சொல்ல, பிரேக் மிதியின் இறப்பர் தேய்ந்து வழுவழுத்து, சுக்கானின் தோல் உரிந்து, சாரதியின் ஆசனம் ஒரு பக்கம் அமிழ்ந்திருந்தால், எதை நம்புவது? பொருளையே நம்புக. யப்பானிலிருந்து வந்ததாயின் அங்குள்ள ஏலத் தாளையும், இங்கு பராமரித்த பற்றுச்சீட்டுகளையும் கேட்டு வாங்கி, தூரங்கள் ஒழுங்காக ஏறிவருகின்றனவா என்று ஒத்துப் பாருங்கள்.

ரயரின் வயதை அறிவதற்கு ஓர் எளிய வழியுண்டு. மாணவர்கள் தம் வீட்டு வண்டியிலேயே இன்று பார்க்கலாம். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு கட்டத்துள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலிரண்டும் வாரம், கடையிரண்டும் ஆண்டு. 3519 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 35 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது எனப் பொருள். பூக்கள் ஆழமாக இருந்தாலும், வயது முதிர்ந்து வெடிப்புக் கண்ட ரயர் வேகத்தில் வெடிக்கும். நான்கு ரயர் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையிலேயே கிளப்ப வேண்டும். "நீங்கள் வருமுன் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி வைத்தேன்" என்று விற்பவர் சொன்னால், நன்றி கூறிவிட்டு மற்றொரு நாள் காலையில் செல்லுங்கள். நீலப் புகை வந்தால் இயந்திர எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் எரிபொருள் மிகுதியாகச் செல்கிறது. சூடேறிய பின்னும் ஓயாத வெண்புகை வந்தால் குளிர்நீர் உள்ளே கசிகிறது. எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பாலாடைபோல் படிந்திருந்தால் அதுவும் நற்குறியன்று. சாவியைத் திருப்பியதும் இயந்திர விளக்கும், காற்றுப் பையின் விளக்கும் ஒருகணம் எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் பழுது. எரியவே இல்லையாயின் அதனினும் கேடு. ஏனெனில் பழுதை மறைக்க விளக்கையே அகற்றியிருக்கக்கூடும். விபத்து நேரும்போது நம் பிள்ளையின் உயிரைக் காக்கவேண்டிய பை, வெறும் மூடியாய் இருந்துவிடலாம் அல்லவா?

பின்பு ஓட்டிப் பாருங்கள். நேர்வீதியில் சுக்கானை இலேசாகப் பிடித்தால் வண்டி ஒருபுறம் சாயக்கூடாது. பிரேக் அழுத்தும்போது இழுக்கவோ அதிரவோ கூடாது. மேட்டில் ஏறுகையில் கியர் தடுமாறக்கூடாது. வானொலியை நிறுத்திவிடுங்கள், வண்டியே பேசட்டும்.

பத்திரங்களே பிராணன்

நல்ல வண்டி, கெட்ட பத்திரம் என்ற நிலை, கெட்ட வண்டியினும் கொடியது. கெட்ட வண்டியைத் திருத்தலாம். கெட்ட பத்திரத்தைத் திருத்த ஒரு மெக்கானிக்கும் இல்லை. பதிவுச் சான்றிதழிலுள்ள இயந்திர இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும், வண்டியில் பொறித்திருப்பவற்றோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். இலக்கம் பொறித்த இடம் அராவப்பட்டோ ஒட்டப்பட்டோ தோன்றினால் அப்பொழுதே வீடு திரும்புங்கள். சான்றிதழில் உள்ள பெயரையும் விற்பவரின் அடையாள அட்டையையும் ஒப்பு நோக்குங்கள். முழு உரிமையாளர் என ஒரு குத்தகைக் கம்பனியின் பெயர் அங்கே இருந்தால், அக்கடன் தீர்ந்ததற்கான கடிதம் கைக்கு வராமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி ஆகியன காலாவதியாகாமல் உள்ளனவா என்பதும் பார்க்கத்தக்கது.

நம்மவரிடையே "திறந்த பத்திரம்" என்றொரு வழக்கம் பரவியிருக்கிறது. கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு வண்டி கைமாறிக் கைமாறிச் செல்லும். பதிவிலோ முதலாமவர் பெயரே நிற்கும். கட்டணத்தையும் அலைச்சலையும் மிச்சம் பிடிப்பதாக இருவரும் மகிழ்கின்றனர். நமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இவ்வாறு வண்டியை விற்று இரண்டாண்டு சென்றபின், தாம் கண்டேயிராத ஒரு விபத்துக்காகப் பொலிஸ் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் நிற்க நேர்ந்தது. அவர் பழியினின்று நீங்கினார்; ஆனால் அந்த ஆறு மாத காலம் அவ்வீட்டில் ஒருவரும் நிம்மதியாக உறங்கவில்லை. வாங்கியவருக்கும் இதில் இன்னலுண்டு. முதல் உடைமையாளர் இறந்துபோனாலோ, வெளிநாடு சென்றுவிட்டாலோ, வண்டியைத் தம் பெயருக்கு மாற்ற எத்தனை படிகள் ஏறவேண்டுமோ அறியார். ஆகவே விற்பவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு உடனே அறிவிக்கவும், வாங்குபவர் தாமதமின்றித் தம் பெயருக்கு மாற்றவும் கடமைப்பட்டவர்கள். நட்பும் உறவும் இதற்கு விலக்கல்ல.

கடன் கணக்கு

கடைசியாகக் கடன். தட்டையான வட்டி என்று ஒருவகைக் கணக்கைச் சிலர் சொல்வர். உதாரணமாக 20 இலட்சம் ரூபாவை ஐந்தாண்டுக்கு, ஆண்டுக்கு 10 சதவீதம் தட்டை வட்டியில் எடுத்தால், வட்டி 10 இலட்சம். மொத்தம் 30 இலட்சம். மாதம் 50,000 ரூபா. பத்துச் சதவீதம் தானே என்று மகிழ்கிறோம். ஆனால் முதல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வர, வட்டியோ குறையாத முழு முதலுக்குமே கணக்கிடப்படுகிறது. குறையும் முதலின்படி கணித்தால் உண்மை வட்டி ஏறக்குறைய பதினேழேகால் சதவீதமாகும்! ஆதலால் கடன் கொடுப்பவரிடம் சதவீதத்தைக் கேட்பதோடு நில்லாமல், மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அன்றியும், கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கையேனும் ஒதுக்கி வைத்தல் வேண்டும். பெயர் மாற்றம், காப்புறுதி, எண்ணெய் மாற்றம், பற்றரி, ரயர் எனப் பழைய வண்டி புது வீட்டுக்கு வந்தவுடன் கேட்கும் சீர்வரிசை நீளமானது. இருபது இலட்சம் வைத்திருப்பவர் பதினெட்டு இலட்சத்துக்குள் வண்டி தேடினால், ஆண்டு முழுவதும் நிம்மதியாக ஓடுவார்.

"இன்றைக்கே முற்பணம் தராவிட்டால் நாளைக்கு வேறொருவர் வந்துவிடுவார்" என்று தரகர் அவசரப்படுத்துவார். வரட்டுமே! சந்தையில் வண்டிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் நம் பணத்துக்குத்தான். மூன்று வண்டியேனும் பார்த்து, ஓர் இரவேனும் உறங்கி எழுந்து, வீட்டாரோடு கலந்த பின் முடிவு செய்யுங்கள். அடுத்த வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் வண்டியைவிட, ஐப்பசி மழையில் நள்ளிரவு ஒரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், முதல் திருப்பிலேயே கிளம்பும் வண்டியே குடும்பத்துக்கு ஏற்ற வண்டி.